முன்னரே இருந்த உபாதை

அறிவியல் நகரில், சிற்றுண்டிச்சாலைச் சுவரில்
நீலத் தகரப் பெட்டியொன்றை அடித்தோம்.
‘விபத்து, காயம், மயிரிழையில் தப்பியவை’ என்று
பெயின்ரால் எழுதிய பெடியன்
இடம் போதாமல் கடைசிச் சொல்லை நெரித்திருந்தான்.

வெள்ளி தோறும் திறப்பேன்.
முதல் வாரம் டொபித் தாள் இரண்டு.
பிறகு, சம்பலில் உப்புக் கூட என்று ஒரு முறைப்பாடு.
பிறகு, விழாத லொத்தர்ச் சீட்டு.
ஒருமுறை குளவி கூடு கட்டப் பார்த்தது,
என் கை போகச் சற்று முன் பறந்தது.
அதையும் பதிந்தேன்.
பூச்சியத்தை எத்தனை மாதம்தான் மேலே அனுப்புவது?

ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.
வேலைத்தளத்துக் கமலறூபனின் பெருவிரலில்
கறுப்பு வயர் ரேப் சுற்றியிருந்தது, ஒன்பது நாளாய்.
‘என்னது?’
‘கீறல்.’
‘படிவம்?’
‘கொன்ராக்ட் மார்கழியில முடியுது மிஸ்.’
இரண்டுக்கும் என்ன தொடர்பென்று நான் கேட்கவில்லை.
என்னுடையது தையில் முடிகிறது.

சோளகம் புழுதி கிளப்பிய ஒரு செவ்வாய்
தண்ணீர் ஆய்வுகூடப் படியில்
பரஞ்சோதியக்கா விழுந்தா.
வாளி முதலில் உருண்டது, பிறகு அவ.
பிள்ளைகள் ஓடிவர முன்னமே எழும்பி
ஒற்றைக் கையால் துடைக்கத் தொடங்கியிட்டா,
‘ஆரும் வழுக்கிப் போடுவினம்’ என்று.

கிளிநொச்சி ஆசுப்பத்திரியில் படம் எடுத்தார்கள்.
மணிக்கட்டில் மயிரளவு வெடிப்பு.
முழங்காலையும் ஒருக்கால் பார்ப்பம் என்றார்கள்.
வெளிச்சப் பெட்டியில்
உளுந்தளவில் வெள்ளையாய் இரண்டு துண்டு.
டொக்டர் பேனை முனையால் தொட்டார்.
ஒன்றும் கேட்கவில்லை.
அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான்.

படிவம் எட்டு, மூன்று பிரதி.
பகுதி இ, கேள்வி பதினொன்று:
பணியாளருக்கு முன்னரே இருந்த உபாதைகள் எவை?

‘அதைப் போடாதேங்கோ தங்கச்சி.
வேலைக்கு எடுக்கேக்க ஒண்டுமில்லை எண்டு எழுதிக் குடுத்தனான்.
பொய்யில்லை, கால் நடக்குதுதானே.
மழைக்கு முதல் நாள் மட்டும் சொல்லும்.’

அளவு நாடாவோடு படிக்குப் போனேன்.
நாலாம் படி. விளிம்பில் ஒரு சாணுக்குச் சீமெந்து பெயர்ந்திருந்தது.
கைப்பிடிக் கம்பியைத் தொட்டேன்,
ஆடியது, துருவும் கையோடு வந்தது.
பராமரிப்புப் பிரிவுக்கு மாசியில் கடிதம்,
சித்திரையில் நினைவூட்டல்,
இரண்டின் பிரதியும் கோவையில் சுகமாய்க் கிடந்தன.
அந்தப் படியிலேயே குந்தியிருந்து எழுதினேன்:

முன்னரே இருந்த உபாதை —
படிக்கு. நாலாவது. ஆறு மாதமாய்.
இரு தடவை அறிவித்தும் சிகிச்சை அளிக்கப்படவில்லை.

திரும்பி வந்தது.
பதினொன்றைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்,
‘பணியாளருடையதே கேட்கப்பட்டுள்ளது.’
அதே விடையோடு திருப்பி அனுப்பினேன்,
படியின் நிழற்படத்தையும் வைத்து.
அதுவும் வந்தது.
அதுவும் போனது.
பரஞ்சோதியக்கா மற்றப் பக்கத்துப் படியால் ஏறுகிறா,
ஒவ்வொரு முறையும் நாற்பது அடி கூட நடந்து.

நேற்று வெள்ளி.
பெட்டிக்குள் கொப்பித் தாளொன்று,
நாலாய் மடித்து, கிரீஸ் விரல் பதிந்து. பெயர் இல்லை.
‘இரண்டாவது கிரைண்டர்.
கல்லுக்கு மேல மூடி இல்லை.
இன்னும் ஒண்டும் நடக்கேல்லை.’
‘இன்னும்’ என்பதன் கீழே கோடு,
பெருவிரலை மடக்க முடியாதவன் கீறியது போல்
கோணலாய்.

திகதி இட்டேன்.
தப்பியவை பதிவேடு, இலக்கம் இரண்டு.
முதலாவது, குளவி.